அலாய் வீல் பில்லில் அளவுகளை எழுதிக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் இருபத்தாறு வருடமாக வீல் அலைன்மென்ட், பேலன்சிங் கடை வைத்திருக்கிறேன். காருக்கு அலாய் வீல் மாற்றுவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த பக்கத்தைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். எந்த நிற வண்டிக்கு எந்த நிற வீல் எடுப்பாக இருக்கும், ஒரு இன்ச் கூட்டிப் போட்டால் வண்டி எப்படித் தெரியும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். அந்த வீல் வண்டியில் சரியாக உட்காருமா என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அது இல்லாததால் என்ன நடக்கிறது என்பதை என் கடை வாசலில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். வீல் விற்கிறவர்கள் அதன் அளவுகளைப் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

போன தை மாதம் நடந்தது. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கல்யாண மாதம் வந்தால், வருடமெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறந்துகொள்ளும். முகப்பில் பந்தல் விழும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், மலேசியா என்று பல ஊர்களிலிருந்து பங்காளிகள் வந்து சேருவார்கள். அப்போது என் கடைக்கு வருகிற வண்டிகளும் மற்ற மாதங்களில் வருகிறவை இல்லை. ஒரு வாரத்தில் மஸ்டாங் ஒன்று, போர்ஷே ஒன்று என்று நிற்கும். அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் சென்னையிலிருந்து ஆடி டிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிவந்தார். இரண்டாம் தலைமுறை வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன் சீட்டில் அவருடைய அம்மா, மடியில் ஒரு பை. பின் சீட்டு முழுக்கக் கல்யாணத்துக்கான எவர்சில்வர் சாமான்.

“அண்ணே, தொண்ணூறு தாண்டினா ஸ்டியரிங் உதறுது. ரெண்டு தடவை பேலன்சிங் பண்ணிட்டேன், போகவே இல்ல” என்றார் அந்தத் தம்பி. அந்த அம்மா, எங்கள் வழக்கில் ஆச்சி, இறங்காமலே சொன்னார்: “திருமயத்துலேருந்து சொல்லிக்கிட்டே வர்றேன் தம்பி, பின்னாடி எதுவோ கரகரன்னு உரசுது. இவன் ரோடு சத்தம்ங்குறான்.”

வண்டியில் 19 இன்ச் வீல், மூன்று மாதத்துக்கு முன் மாட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஜாக்கி போட்டுப் பின் வீலைக் கழற்றப் போனேன். ஸ்பேனரை வைத்து ஒரு கையால் தள்ளியதுமே போல்ட் திரும்பிவிட்டது. ஒன்று இப்படி என்றால் மற்றது எப்படி என்று நான்கு வீலையும் பார்த்தேன். இருபது போல்ட்டில் ஏழு அப்படித் தளர்ந்து இருந்தன. சென்னையிலிருந்து இங்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஆச்சி இந்த வண்டியில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

வீலைக் கீழே சாய்த்துப் பின்பக்கம் பார்த்தேன். வீலை வாங்குகிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வண்டி பார்ப்பது அதன் முதுகை. முதலில் நடுத்துளை, அதாவது சென்டர் போர். டிடியின் ஹப்பில், அதாவது வீல் ஏறி உட்காரும் பாகத்தில், நடுவே வட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பாகம் 57.1 மி.மீ. வீலின் துளையை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் 73.1 வந்தது. வெளியில் விற்கிற வீல்களைப் பல வண்டிக்கும் ஆகட்டும் என்று பெரிய துளையாகத்தான் செய்வார்கள். அது தப்பில்லை. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு, அதைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இதில் வளையமே இல்லை. சுற்றிலும் 8 மி.மீ. சும்மா காற்று.

ஆச்சி அதற்குள் இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, “ஆச்சி, திருகையில அடிக்கல்லு முளையில மேல்கல்லு உட்காரும் பாருங்க, அந்த முளைதான் இது” என்றேன். மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “முளை தேஞ்சா கல்லு ஆடும். உளுந்து ஒரு பக்கம் மாவாகும், ஒரு பக்கம் முழுசா விழும். எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல அப்படி ஒண்ணு இன்னும் கிடக்கு” என்றார். இருபத்தாறு வருடத்தில் இதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஆள் வேறு யாரும் இல்லை.

இரண்டு முறை பேலன்சிங் செய்தும் உதறல் போகாததற்கும் இதுதான் காரணம். சுற்றும்போது எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில், வீலை நடுத்துளையில் கூம்பான கோன் கொடுத்து இறுக்குவோம். மெஷினில் அது நட்டநடுவில் சுற்றும், எடை ஒட்டினால் பூஜ்யம் காட்டும். வண்டியில் மாட்டும்போதோ வளையம் இல்லாததால் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது. மெஷினும் பொய் சொல்லவில்லை, பேலன்சிங் செய்தவரும் ஏமாற்றவில்லை.

அடுத்தது போல்ட். ஆடி வண்டியின் போல்ட் தலைக்கடியில் உருண்டையாக இருக்கும், பந்தின் அடிப்பாகம் மாதிரி. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் போல்ட் துளை கூம்பாக இருக்கும். இவர்கள் பழைய உருண்டை போல்ட்டையே கூம்புத் துளையில் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நூல் பருமனுக்கு ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. போல்ட் வீலைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த நூலளவு இடத்தில் மட்டும்தான். முழு முகமும் பதிய வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் பதிந்தால் எவ்வளவு முடுக்கினாலும் ஓட ஓடத் தளரும். கையில் துப்பாக்கி மாதிரி மெஷினை வைத்து ‘டர்ர்’ என்று முடுக்கிவிட்டால் டைட்டாகிவிட்டது என்று எங்கள் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு இந்த வண்டிக்கு 120 நியூட்டன் மீட்டர் என்று கணக்கு இருக்கிறது. அந்த இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் ஸ்போர்ட்ஸ் காரின் வீலைக் கழற்றவே விடாதீர்கள்.

மூன்றாவது ஆஃப்செட். உரசல் சத்தம் இதனால்தான். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். வீலில் ஈடி என்று போட்டு ஒரு எண் வார்த்திருப்பார்கள். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். டிடிக்குக் கம்பெனி கொடுத்த 18 இன்ச் வீல் 9 இன்ச் அகலம், ஈடி 52. அகலத்தில் பாதி 114.3 மி.மீ., அதில் 52 போனால் ஹப் முகத்திலிருந்து 62.3 மி.மீ. வெளியே நிற்கும். இவர் வாங்கியது 9.5 இன்ச் அகலம், ஈடி 35. அதே கணக்கில் 85.65 வருகிறது. ஆக, கம்பெனி வைத்த இடத்தைவிட 23 மி.மீ. வெளியே. கட்டைவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டும்போது தெரியாது. பின்னால் சாமானை ஏற்றி வேகத்தடையில் வண்டி அமுங்கும்போது மட்கார்டின் உள்விளிம்பு டயரின் தோளைச் சீவியிருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், வாழைக்காய்த் தோல் சீவிய மாதிரி ரப்பர் சுருண்டு நின்றது. இத்தனைக்கும் டயர் அளவு தப்பில்லை. 255/35 ஆர் 19, அதாவது அகலம் 255 மி.மீ., பக்கச் சுவர் அதில் 35 சதவீதம், ரிம் 19 இன்ச், அந்த வண்டிக்கு ஒத்துவரக்கூடிய அளவுதான். தப்பு வீலில்.

அந்தத் தம்பியிடம் பில் இருக்கிறதா என்று கேட்டேன். போனில் படமாக வைத்திருந்தார். ‘அலாய் வீல் 19 இன்ச் – 4’ என்று ஒரே வரி. அதற்குக் கொடுத்த தொகையில் எங்கள் ஊரில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். பழைய கம்பெனி வீல்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்களாம். “டிடிக்குக் கச்சிதமா ஏறும்னு சொன்னாங்கண்ணே” என்றார். ஏறத்தான் செய்தது. ஐந்து துளையும் நேராக வந்து, போல்ட்டும் நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று வாங்குகிறவர் நம்பிவிடுகிறார்.

துளைகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஐந்து போல்ட் துளைகளின் நடுவழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பிசிடி. டிடிக்கு 5×112. சந்தையில் நிறையக் கிடைப்பது 5×114.3. இரண்டுக்கும் வித்தியாசம் 2.3 மி.மீ. அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுவே டேப்பை வைத்தால் ஒன்றில் 65.8, இன்னொன்றில் 67.2 வரும். ஒன்றரை மில்லிகூட இல்லாத இந்த வித்தியாசத்தை டேப்பில் கண்டுபிடிக்க முடியாது. சற்று அழுத்தி முடுக்கினால் 114.3 வீல் 112 ஹப்பில் ஏறியே விடும். ஒவ்வொரு போல்ட்டும் கோணிக்கொண்டு நிற்கும். என்றைக்கு முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும். மஸ்டாங்குக்கு 5×114.3, நடுத்துளை 70.5. போர்ஷே பாக்ஸ்டருக்கு 5×130, நடுத்துளை 71.6. பிஎம்டபிள்யூ இசட்4 என்று ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே 2009இல் வந்ததற்கு 5×120, 2018இல் வந்த புதியதற்கு 5×112. இந்தப் புது இசட்4-இன் வீல் பிசிடி கணக்கில் டிடிக்கு ஒத்துப்போகும், ஆனால் நடுத்துளை சுமார் 66.5, டிடிக்குப் பெரிது. ‘ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏறும்’ என்று விற்பவர் பொதுவாகச் சொல்வதை எப்படி நம்புவது?

சரி, கதைக்கு வருகிறேன். என் டிராயரில் 73.1-க்கு 57.1 ஹப் ரிங் இருந்தது. கூம்பு போல்ட்டை மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைக்கலாம். உதறலும் தளர்வும் சரியாகிவிடும். ஆஃப்செட்டுக்கு என்ன செய்வது? மட்கார்டு விளிம்பை மடக்கித் தட்டிவிடலாமா என்று தம்பி கேட்டார். முடியாது என்றேன். விளிம்பைத் தட்டினால் உரசல் நிற்கும், ஆனால் வெளியே தள்ளி நிற்கும் வீலின் பாரம் பேரிங்கில் விழுவது நிற்காது, பள்ளம் கண்ட பக்கம் ஸ்டியரிங் இழுப்பதும் நிற்காது. ஆச்சிதான் முடிவு சொன்னார்: “வண்டி இங்கயே நிக்கட்டும். நாங்க ஆட்டோவுல போயிக்கிறோம்.” எவர்சில்வர் அண்டாக்களை என் கடைப் பையன் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். கல்யாணம் முடிகிறவரை டிடி என் ஷெட்டில் ஸ்டாண்டின் மேல் நின்றது.

அப்புறம் 17 இன்ச்சுக்கு இறங்குவோம் என்று சொன்னேன். தம்பிக்கு முகம் வாடிப்போயிற்று. சின்ன வீல் போட்டால் வண்டியின் மதிப்பே போய்விடும் என்று இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய 245/40 ஆர் 18-இல் பக்கச் சுவர் 245-இல் நாற்பது சதவீதம், 98 மி.மீ. மேலும் கீழுமாக 196, நடுவில் ரிம் 457, மொத்த உயரம் 653. 17 இன்ச்சில் 245/45 போட்டால் 652. ஒரே ஒரு மில்லிதான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் மாறாது, வண்டி உயரம் மாறாது. ஆனால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் 110 மி.மீ. இருக்கும். அந்த 19 இன்ச் டயரில் இருந்தது 89 மட்டும். கூடுதலான 21 மில்லிக்கு எங்கள் பக்கத்தில் என்ன மதிப்பு என்பது இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகள், மழைக்குப் பின் செந்தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத குழிகள், தார் முடிந்து சரளை தொடங்குமிடத்தில் ஒரு சாண் இறக்கம். கல்யாண சீசனில் 35, 30 என்று பக்கச் சுவர் மெலிந்த டயர்கள் கொப்புளம் விட்டு என் கடைக்கு வராத வாரம் இல்லை. கொப்புளம் விட்ட டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த வண்டியில் ஸ்டெப்னியும் இல்லை, பஞ்சர் கிட் மட்டும். அது பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது.

கோயம்புத்தூரில் அதே மாடலின் கம்பெனி வீல் 17 இன்ச் ஒரு செட் கிடைத்தது. டயர் மாட்டுவதற்கு முன்னால் வெறும் ரிம்மை வண்டியில் மாட்டிப் பார்த்தோம். வாசகர்கள் இதைக் கட்டாயம் கேட்டுச் செய்ய வேண்டும். டயர் ஏற்றிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார். சின்ன வீல் பிரேக்கில் இடிக்குமா என்ற சந்தேகத்துக்கு நான் களிமண் வைப்பேன். பிள்ளையார் பிடிக்கிற அதே களிமண்தான். பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரின் மேடான இடத்தில் நெல்லிக்காய் அளவு உருட்டி ஒட்டி, ரிம்மை மாட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், களிமண் எவ்வளவு தட்டையாகியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. மூன்று மில்லிக்குக் குறைந்தால் நான் அனுப்ப மாட்டேன். இதில் ஐந்துக்கு மேலேயே இருந்தது. பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, அடியில் ஜாக்கி கொடுத்து சஸ்பென்ஷனை அமுக்கிப் பார்த்தோம். எங்கும் தொடவில்லை. கம்பெனி வீல் என்பதால் பழைய உருண்டை போல்ட்டே சரியாகப் பதிந்தது. புது போல்ட் போடுகிறவர்கள் கையால் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ண வேண்டும். 14 மி.மீ. பருமன், புரி 1.5 மி.மீ. என்றால் ஒன்பது சுற்றாவது பிடிக்க வேண்டும். ஓடிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். அந்தத் தம்பி பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் போய்விட்டு அதற்கென்றே திரும்ப வந்தார்.

டயர் வாங்குவதிலும் ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய டயரின் பக்கத்தில் கடைசி நாலு எண் 1417. அதாவது 2017ஆம் வருடம் பதினான்காவது வாரம் செய்தது. மூன்று மாதத்துக்கு முன் புது டயர் என்று விற்றிருக்கிறார்கள். ரோட்டில் படும் பட்டன் தேயவில்லை, நகத்தால் அழுத்தினால் ரப்பர் இறங்கவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் டயர் எங்கள் பக்கம் எப்போதாவதுதான் விற்கும், கோடவுன் வெயிலில் கிடந்து இறுகிப் போயிருக்கும். வாங்கும்போதே அந்த எண்ணைப் பாருங்கள். நாலு சக்கரமும் ஓடும் குவாட்ரோ வண்டி என்பதால் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே மாடல், ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். டயரில் போட்டிருக்கும், தாங்கும் எடைக்கான எண்ணும் ஓடக்கூடிய வேகத்துக்கான எழுத்தும் கதவுத் தூணில் அல்லது கையேட்டில் சொன்னதற்குக் கீழே போகக் கூடாது.

பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே வரும் என்பதையும் வாடிக்கையாளர்களிடம் சொல்லியே அனுப்புகிறேன். வீல் மாற்றியதை இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கு இந்தக் கடிதம் வருத்தம் தரலாம். வாடிக்கையாளரே கேட்பதில்லை, நாங்கள் ஏன் எழுத வேண்டும் என்பார்கள். காரைக்குடியில் ஒரு கிராம் மூக்குத்தி வாங்கினாலும் எடை, மாற்று, செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாகப் பில்லில் வருகிறது. நாலு பேர் உயிர் உட்கார்ந்து போகிற வீலுக்கு ‘19 இன்ச் – 4’ போதுமா? அகலமும் விட்டமும், பிசிடி, நடுத்துளை, ஆஃப்செட், போல்ட் முகம் உருண்டையா கூம்பா, இவ்வளவையும் எழுத ஒரே ஒரு வரி போதும். ஹப் ரிங் கொடுத்தோமா இல்லையா என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதட்டும். பில்லில் எழுத வேண்டும் என்றால் விற்கிறவர் அளந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். தப்பான வீல் அங்கேயே நின்றுவிடும். நீங்களும் அடுத்த முறை வீல் படம் போடும்போது அதன் அடியில் இந்த எண்களையும் அச்சிட்டால் வாசகர்களுக்குக் கேட்கிற பழக்கம் வரும்.

என் கடை பில் புத்தகத்தில் இதற்கென்று தனிப் பத்தி அச்சடித்துவிட்டேன். வீலை வேறு எங்கே வாங்கியிருந்தாலும் சரி, அளந்து எழுதிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். மற்ற கடைக்காரர்களும் அந்தப் பத்தி உள்ள பில் தாள் ஒன்றை மாதிரிக்கு வாங்கிப்போய் அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் கடைக்காரர்,
காரைக்குடி.

(என் பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம். போட்டால் அந்த ஆச்சி வீடு எது என்று ஊரில் தெரிந்துவிடும். முகவரியைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். தாள் கேட்பவர்களுக்கு நீங்கள் தெரிவிக்கலாம்.)